கறுப்பி போட்ட சத்தம்

திருப்பூரில் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. நிறம் கறுப்பு, அதனால் பெயர் கறுப்பி. பெயர் வைத்தவர் அதன் சொந்தக்காரர் நாச்சிமுத்து. ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்.

ஃப்ரீ சர்வீஸ் எல்லாம் முடிந்த அன்றைக்கே நாச்சிமுத்து ஷோரூமுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு கறுப்பியை இன்னொருவர் கையில் கொடுத்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு இட்லி உள்ளே இறங்கியதும் லுங்கியை மடித்துக் கட்டுவார். காம்பவுண்டுச் சுவரோரம் ஒரு பலகையைப் போட்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். செயினைத் துடைப்பார், பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார், பிரேக்கைச் சரிபார்ப்பார். நாள் ஆகியிருந்தால் ஆயில் மாற்றுவார். ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் ஒரு டப்பா ஆயில், ஆயில் வடிக்கிற அடி போல்ட்டுக்குப் புதுசாக ஒரு வாஷர், அவ்வளவுதான் செலவு. குடும்பத்தோடு ஒரு வேளை ஓட்டலில் சாப்பிடுகிற காசுகூட ஆகாது.

"ஏனுங், அந்தக் கறுப்பியவே கட்டியிருக்கலாமுல்ல?" என்பாள் வாசலில் நின்று அவர் மனைவி வளர்மதி.

"அவ சீலை கேக்கறதில்ல, நகை கேக்கறதில்ல. ஒரு டப்பா ஆயில் ஊத்துனா மூணு மாசத்துக்கு வாயத் தொறக்க மாட்டா" என்பார் நாச்சிமுத்து.

அவரிடம் சில ஸ்பேனர்கள் இருந்தன. கையைத் துடைக்கக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பனியன் வேஸ்ட் ஒரு பொட்டலம் இருந்தது. மஞ்சள் பிடி போட்ட ஒரு திருப்புளியும் இருந்தது. அது திருகாணி கழற்றியதைவிடக் காது கொடுத்ததுதான் அதிகம். வண்டியை ஓடவிட்டு, திருப்புளியின் நுனியை இன்ஜின் மேல் ஊன்றி, பிடியைத் தன் காதோடு ஒட்டிவைத்துக்கொள்வார் நாச்சிமுத்து. இன்ஜினுக்குள்ளே என்ன நடக்கிறதோ அதெல்லாம் இரும்பு வழியாக ஏறி வந்து அவர் காதில் விழும். கண்ணை மூடிக் கேட்பார். பிறகு பெட்ரோல் டேங்கை இரண்டு தட்டு தட்டி, "செரி, நல்லாத்தான் இருக்கற" என்பார்.

வேலை செய்துகொண்டே பேசவும் செய்வார். அளவு தப்பி வெட்டியதில் ஒரு லாட் துணி வீணாய்ப் போனதும், முதலாளி எல்லார் முன்னாலும் வைத்துக் கத்தியதும் வளர்மதிக்குத் தெரியாது. கறுப்பிக்குத் தெரியும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில், மாடிவீட்டுக்கு ஒரு பையன் குடிவந்தான். அவனோடு ஒரு சிவப்பு வண்டியும் வந்தது.

"உனக்கு எந்த ஷோரூமுல சர்வீஸ்?" என்று கேட்டது சிவப்பு.

"எங்க வீட்டுக்காரரே பண்ணிருவாரு."

"லுங்கி கட்டிக்கிட்டா?" சிவப்புக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஒரு தடவ ஷோரூமுக்கு வந்து பாரு. நுரை போட்டுக் குளிப்பாட்டுவாங்க. அப்புறம் பாலிஷ். டயருக்குக்கூட என்னமோ பூசுவாங்க. வெளிய வந்தா நம்மள நமக்கே அடையாளம் தெரியாது."

கறுப்பி சிவப்பின் டேங்கில் தன்னைப் பார்த்தது. மங்கலாக இருந்தது. பக்கவாட்டில் நாச்சிமுத்துவின் எண்ணெய்க் கை ஐந்து விரலோடு பதிந்து கிடந்தது. அதுவரைக்கும் அந்தக் கைத்தடம் அதற்கு ஒரு குறையாகத் தெரிந்ததே இல்லை. அன்றைக்குத் தெரிந்தது.

ஆசைப்பட்டதைத் தப்பு என்று சொல்ல முடியாது. மினுக்கிக்கொண்டு ரோட்டில் போக யாருக்குத்தான் ஆசை இல்லை? கறுப்பி அதற்குக் கண்டுபிடித்த வழிதான் தப்பு. ஏதாவது கோளாறு என்றால்தானே ஷோரூமுக்குக் கொண்டு போவார்? மறுநாளே அது தொண்டையை லேசாக இறுக்கிக்கொண்டு, ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து 'டக் டக்' என்று ஒரு சத்தத்தை வரவழைத்தது.

ஞாயிற்றுக்கிழமை நாச்சிமுத்து திருப்புளியை வைத்துக் கேட்டார். புருவம் சுருங்கியது. வால்வைத் தட்டுகிற டேப்பெட்டில் இடைவெளி விழுந்தால் வருகிற சத்தம் மாதிரி இருந்தது. மேல்மூடியைக் கழற்றி டேப்பெட்டைச் சரிசெய்தார். வண்டியை ஓடவிட்டார். டக் டக். மறுபடி கழற்றினார், மறுபடி அளந்தார். டக் டக். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வளர்மதி மூன்றாம் தடவை கூப்பிட்ட பிறகு சாப்பிட எழுந்து போனார்.

அவர் தலை மறைந்ததும் திருப்புளி கேட்டது. "கறுப்பி, உனக்குத்தான் ஒண்ணுமே இல்லியே. எதுக்கு இந்தச் சத்தம்?"

"நீ கண்டுக்காத. ஒரே ஒரு தடவ ஷோரூமுக்குப் போயிட்டு வந்துர்றேன். அப்புறம் எப்பவும் போல இருந்துக்கறேன்."

"எனக்குன்னு ஒரு வாய் இருந்தா அவருகிட்டச் சொல்லிப்போடுவேன். நீ குடுக்கறத அவரு காதுல கொண்டுபோயி விடறதுதான் எனக்கு வேலை. பொய்யக் குடுத்தா பொய்யத்தான் கொண்டுபோவேன்."

"ஒரு பொய்யில என்ன ஆயிரும்?"

பனியன் வேஸ்டுக்கு அரைகுறைப் பேச்சே பிடிக்காது. "அங்க பாரு" என்றது. "அந்த மனுசன் சோத்தப் பெசஞ்சுட்டே உக்காந்திருக்கறாரு. ஒரு வாய் எறங்கல. உனக்குச் சோப்பு நுரை கேக்குது!"

கறுப்பிக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் அது சத்தத்தை நிறுத்தவில்லை. இத்தனை தூரம் வந்துவிட்டோமே, இன்னும் கொஞ்சம்தானே என்று இருந்துவிட்டது.

அடுத்த ஞாயிறும் அப்படியே போனது. அதற்கடுத்த ஞாயிறு நாச்சிமுத்து புதுச் சாமான் வாங்கிவந்து மாட்டிப் பார்த்தார். அதே டக் டக். திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, தன் இரண்டு உள்ளங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஷோரூமுலயே விட்டுருங் மாமா" என்றாள் வளர்மதி. "உங்களுக்கும் வயசாவுதுல்ல. எத்தன நாளைக்கு அதையே நோண்டிட்டு இருப்பீங்?"

ஷோரூமில் சட்டையில் பெயர் குத்திய ஒரு பையன் வண்டியைச் சுற்றி வந்தான். மேல்மூடித் திருகாணிகளில் ஸ்பேனர் பட்ட தடத்தைப் பார்த்ததும் கேட்டான். "வெளிய எங்கயாவது பிரிச்சீங்களா சார்?"

"நானேதானுங்க பிரிச்சேன்."

"அதான் சார் பிரச்சன. தெரியாம கை வச்சா இப்படித்தான் ஆகும். இனிமே நீங்க எதையும் தொடாதீங்க."

பையன் கெட்டவன் இல்லை. வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்கிற வசனத்தைத்தான் இவரிடமும் சொன்னான். நாச்சிமுத்து தலையை மட்டும் ஆட்டினார். இத்தனை வருஷம் தன்னை ஒரு குறை இல்லாமல் ஓட்டிவந்த மனிதரைப் பார்த்து ஒருவன் 'தெரியாம' என்று சொன்னது கறுப்பிக்கும் கேட்டது. சத்தத்தை அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அதற்குள் நுரையின் வாசம் வந்துவிட்டது.

சாயங்காலம் கறுப்பி கண்ணாடி போல வெளியே வந்தது. நாச்சிமுத்து பில்லை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். வாட்டர் வாஷ், பாலிஷ், கிளீனிங், லேபர் என்று அது பாட்டுக்கு நீண்டிருந்தது. டேப்பெட்டை யாரும் தொடக்கூட இல்லை. தொட என்ன இருக்கிறது?

கேட்டது கிடைத்துவிட்டதால் கறுப்பி தொண்டையைத் தளர்த்திக்கொண்டது. வீடு வரைக்கும் ஒரு முனகல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தது. அவர் வண்டியை நிறுத்திவிட்டு, டேங்கைத் தட்டாமல் வாசல்படியில் போய் உட்கார்ந்தார்.

"அவங்க தொட்டதும் சத்தம் நின்னுபோச்சு வளரு. இத்தன வருசமா நான் என்னத்தப் பாத்துட்டிருந்தேன்னு தெரியல. என்ற கை செரியில்ல."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங். விடுங்" என்றாள் அவள்.

அவர் விடவில்லை. ஸ்பேனர்களைப் பனியன் வேஸ்டில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டார். திருப்புளி மட்டும் சமையலறையில் நின்றுபோனது, டப்பா மூடி நெம்புவதற்கு.

பளபளப்பு ஒரு வாரம் இருந்தது. பிறகு திருப்பூர்ப் புழுதி அதன் வேலையைப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை வந்ததும் கறுப்பி பலகைக்காகக் காத்திருந்தது. பலகை வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஷோரூமுக்குக் கட்ட வேண்டுமே என்று நாச்சிமுத்து ஞாயிறு ஓவர்டைமுக்குப் பெயர் கொடுத்திருந்தார். முன்பு கறுப்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதே நேரத்தில், இப்போது கறுப்பியின் மேல் உட்கார்ந்து, அதன் சர்வீஸ் காசைச் சம்பாதிக்கப் போனார். போகிற வழியில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கம்பெனியில் என்ன நடக்கிறது என்று கறுப்பிக்குத் தெரியாமலே போனது.

"என்ன, சந்தோஷமா?" என்று கேட்டது சிவப்பு.

"நல்லாத்தான் குளிப்பாட்டறாங்க" என்றது கறுப்பி.

ஒரு சர்வீஸில், கூட்டம் அதிகமாக இருந்த நாளில், ஆயில் மாற்றியவர் அடி போல்ட்டில் பழைய வாஷரையே போட்டு இறுக்கிவிட்டார். சின்ன விஷயம்தான். அடியில் சொட்டுச் சொட்டாக ஆயில் கசிந்தது. நின்ற இடத்தில் ஒரு கறை விழுந்தது, புழுதி அதை மூடியது. நாள் போகப் போகக் கறுப்பிக்குத் தொண்டை வறண்டது. ஒரு நாள் அதற்கே தெரியாமல் உள்ளேயிருந்து சத்தம் வந்தது. டக் டக். அன்றைக்குப் பொய்யாய்ப் போட்டதே, அதே சத்தம். இப்போது நிஜம்.

நாச்சிமுத்து காதிலும் விழுந்தது. ஷோரூமுக்குப் போன் போட்டார். "வர்ற வியாழக்கெழம சர்வீஸ் தேதிதானே, அப்பக் கொண்டு வாங்க சார், பாத்துரலாம்" என்றார்கள்.

அந்த ஞாயிறு ஓவர்டைம் இல்லை. அவர் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே போய்த் திருப்புளியை எடுத்துவந்தார். வண்டியை ஓடவிட்டு, நுனியை இன்ஜின் மேல் ஊன்றி, பிடியில் காதை வைத்தார்.

கறுப்பி உயிரைக் கொடுத்துச் சொன்னது. ஆயில் இல்லை, உள்ளே சுடுகிறது, மூடியைத் திறந்து பாருங்கள். இந்தத் தடவை பொய் இல்லை, அந்தத் தடவை சொன்னதுதான் பொய், உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. எல்லாவற்றையும் அந்த ஒரே டக் டக்கில் சொல்லப் பார்த்தது. திருப்புளி ஒன்றையும் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்தது.

நாச்சிமுத்து கண்ணைத் திறந்தார். "ஆயில் இல்லாத சத்தம்ல இது?" என்றார்.

வண்டியை நிறுத்திவிட்டு ஆயில் மூடியில் கையை வைத்தார். ஒரு திருகு திருகினால் போதும். கை அங்கேயே நின்றது.

"போன தடவையும் இப்படித்தான் டேப்பெட்டுன்னு நெனச்சேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "எனக்கென்ன தெரியும். வியாழக்கெழம ஷோரூமுல விடறதுதானே."

கையை எடுத்துவிட்டார்.

"நீ செரியாச் சொன்னியா?" என்று பதறியது கறுப்பி.

"சொன்னேன். அவருக்கும் செரியாத்தான் கேட்டுது" என்றது திருப்புளி. "கேட்டத நம்பறதுக்குத்தான் அவருகிட்ட ஒண்ணும் மிச்சமில்ல."

திங்கட்கிழமை காலையில் பல்லடம் ரோட்டில் இன்ஜின் சுற்றாமல் இறுகிப் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போய் நின்றது. காலை ஊன்றி நாச்சிமுத்து தப்பித்தார். மினி டெம்போவில் ஏற்றி வண்டியை ஷோரூமுக்குக் கொண்டுபோனார்கள்.

அதே பையன்தான் வந்தான். இன்ஜினைப் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "பிஸ்டன், சிலிண்டர், கிராங்க் எல்லாம் போச்சு சார். செலவு பண்ணுனா வண்டி வெலையவிட அதிகமாயிரும். எக்ஸ்சேஞ்சுல குடுத்துருங்க" என்றான். அவனுக்கும் பாவமாகத்தான் இருந்தது. "உள்ள ஆயிலே இல்ல சார். அந்த மூடியத் திருகி ஒரு பார்வ பாத்திருந்தாப் போதும். இத வீட்டுலயே பாத்துக்கலாமே சார், நீங்க பாக்கறதில்லியா?"

நாச்சிமுத்து கறுப்பியின் டேங்க் மேல் கையை வைத்தார். வெகு நாளைக்குப் பிறகு வைத்த கை.

"பாத்துட்டுத்தானுங்க இருந்தேன்" என்றார். "அப்புறந்தான், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு தெரிஞ்சுது."

அது அப்படி இல்லை என்று சொல்ல அந்த இடத்தில் கறுப்பி ஒன்றால்தான் முடியும். அதற்கு இப்போது பொய்ச் சத்தம்கூட வரவில்லை.