இன்னாசியின் இரண்டாவது வரி

பாளையங்கோட்டையில் தில்லைநாயகி டீச்சரிடம் இன்னாசி கணக்குப் படிக்கச் சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபத்திரண்டு. டீச்சருக்கு நாற்பது. இன்னாசி வானிலை நிலையத்தில் மழையளந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் வீட்டில் பேச ஆளில்லை. அந்த வீட்டுக்குப் பயந்துதான் மனுஷன் படிக்க வந்தார்.

குழாய் சொட்டுவதையும் நாடி துடிப்பதையும் ஒன்றும் பூஜ்யமுமாக எழுதி, அந்த வரிசையில் எவ்வளவு சிக்கல் இருக்கிறதென்று அளப்பதே பாடம். அடுத்து வருவதைச் சொல்ல எவ்வளவு பழசை நினைவில் வைக்க வேண்டுமோ, அவ்வளவு சிக்கல்.

“எல்லாமே ஒன்னுன்னு வந்தா, டீச்சர்?”

“எதையும் நினைவு வைக்க வேண்டாம். சிக்கல் பூஜ்யம்.”

“காசு சுண்டின மாதிரி வந்தா?”

“நினைவு வச்சும் பிரயோஜனமில்ல. அதுவும் பூஜ்யந்தான்.”

ஒரு நாள் மத்தியானம் இன்னாசி ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். கனடாவில் இருக்கும் மகள் எஸ்தர் போன் செய்த நாளுக்கு ஒன்று, செய்யாத நாளுக்குப் பூஜ்யம். மூன்று வருஷம், ஒரு நாள் விடாமல்.

“அளந்துட்டேன் டீச்சர். சுத்தமாப் பூஜ்யம். அவ காசு சுண்டின மாதிரிதான் கூப்பிடுதா. நெனப்புன்னு ஒன்னு இருந்தா இப்படி வருமா? என் நம்பர மாத்திரலாம்னு இருக்கேன்.”

டீச்சர் அந்த வரிசைக்குக் கீழே ஸ்கேல் வைத்து இன்னொரு கோடு போட்டார். பேனாவை நீட்டினார்.

“இதுல நீங்க கூப்பிட்ட நாள எழுதுங்க.”

“நான் எதுக்கு டீச்சர்? நான் பாத்து எழுதுத ஆளு.”

வானிலை நிலையத்தில் அப்படித்தான். பெய்த மழைக்குக் கட்டம் உண்டு. அளந்தவன் நனைந்தானா என்பதற்குக் கிடையாது.

“போன்ல ரெண்டு பேர் இருக்காங்க. பாதி வரிசைய அளந்துட்டு முடிவு சொல்லலாமா?”

இன்னாசி எழுத ஆரம்பித்தார். பூஜ்யம். பூஜ்யம். எஸ்தரின் பிறந்தநாள் வந்தது. கொஞ்சம் யோசித்துப் பார்த்தார். அதற்கும் பூஜ்யம். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் வந்தது. ஏழு பூஜ்யம்.

இரண்டாவது பக்கத்தில் பேனா நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெட்கமாக இருந்தது.

“எல்லாமே ஒன்னுபோலத்தான் டீச்சர். இதுக்கும் சிக்கல் பூஜ்யந்தான். மிச்சத்தையும் எழுதணுமா?”

“நேத்து வரைக்கும் எழுதுங்க,” என்றார் டீச்சர். “இன்னைக்கான கட்டத்த விட்டு வைங்க. பொழுது இன்னும் சாயல.”