தேருக்குக் கட்டை போட்டவன்

முன்னொரு காலத்தில் மணிமுத்துச் சீமையைக் கருங்கேசரி என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி, அது ஒன்றுதான் குறை.

அந்த ஊரில் தேரோட்டம் முடிந்ததும் ஒருவருக்குப் பரிவட்டம் கட்டி மரியாதை செய்வது வழக்கம். வருஷா வருஷம் அது அரசவைப் பிரமுகர் பூவராகர் தலைக்கே போகும். அவர் செய்த வேலை, தேர்த்தட்டில் நின்று கொடி அசைத்ததுதான். கீழே சக்கரத்தோடு குனிந்தபடியே ஓடி, முட்டுக்கட்டை வைத்துத் தேரைத் திருப்பி நிறுத்துகிற ஒச்சனை ஒருவரும் கவனித்ததில்லை. குனிந்தே இருக்கிறவன் முகம் யாருக்குத் தெரியும்?

ஒரு வருஷம் ராஜாவும் தேரில் ஏறினார். ஒச்சன் கட்டை வைத்தான், தேர் குலுங்கியது, கிரீடம் மூக்குவரை இறங்கிவிட்டது. ஜனங்கள் சிரித்துவிட்டார்கள்.

"ஓடுகிற தேருக்குக் கட்டை போடுகிறவன் எதற்கு, மகாராஜா? என் கொடிக்கே தேர் நிற்கும்" என்று தூபம் போட்டார் பூவராகர்.

இனி தேரோடும் வீதியில் ஒச்சன் கால் பட்டால் நாடு கடத்துவேன் என்று உத்தரவு பிறந்தது. பாவம், அவனுக்குத் தெரிந்த தொழிலே அது ஒன்றுதான்.

மந்திரி அம்பலத்தரையர் மறுத்துப் பேசவில்லை. மறுத்தால் ராஜாவுக்குப் பிடிவாதம் ஏறும் என்று அவருக்குத் தெரியும். அடுத்த தேரோட்டத்தில் ராஜா தெற்கு முக்குப் பந்தலில் அமர்ந்து, தேர் குலுங்காமல் திரும்பும் அழகைப் பார்க்க வேண்டும் என்றார். ஒச்சன் வீதியில் இறங்காதபடி, எதிரே முக்கிலுள்ள வீட்டு முகப்பில் அவனை உட்கார வைக்கிறேன் என்றார். அது பூவராகர் புதிதாகக் கட்டிய மாளிகை. வீட்டாரைத் தரிசனத்துக்கு அனுப்பவும், முக்கில் கூட்டம் சேராமல் காவல் போடவும் மந்திரி மறக்கவில்லை. ஒச்சன் தன் கட்டையையே மணையாகப் போட்டு உட்கார்ந்தான்.

தேர் வந்தது. எப்படியும் தனக்குத்தான் என்று பூவராகர் பரிவட்டத்தை முன்கூட்டியே கட்டிக்கொண்டு மேலே நின்றார். வடம் பிடித்தவர்கள் முக்கில் திரும்பினார்கள். தேர் திரும்பவில்லை. அவர் கொடியை இரண்டு கையாலும் அசைத்தார். இழுத்தவர்கள் வடத்தை விட்ட பிறகும், சரிவில் அது தன் பாட்டுக்கு அவர் வீட்டை நோக்கி உருண்டது.

"ஒச்சா, கட்டையைப் போடுப்பா" என்று கதறினார் பூவராகர்.

அதற்குள் ஒச்சன் வீதியில் குதித்திருந்தான். உத்தரவெல்லாம் அவன் நினைவில் இல்லை. முகப்புத் தூணுக்கு ஒரு முழம் முன்னால் தேர் நின்றது.

பந்தலில் ராஜா பக்கத்தில் இருந்த மந்திரி மெல்ல எழுந்தார். "மகாராஜா, இவன் கால் வீதியில் பட்டுவிட்டது. நாடு கடத்தும் ஓலையைப் பூவராகரே எழுதட்டும். அவர் யோசனைதானே?"

ராஜாவுக்கு வெட்கமாகிவிட்டது. "ஓலை வேண்டாம். பூவராகரே, உம் தலையில் இருப்பதை அவிழ்த்து அவனுக்குக் கட்டும். அவன் தொழில் இனி அவனுக்கே."

ஒச்சன் கும்பிட்டான். "தலையில வேண்டாங்க. குனியும்போது கண்ணுல விழும். கட்டையில கட்டிடச் சொல்லுங்க."

கட்டை சக்கரத்தடியில் கிடந்தது. ஒச்சன் குனிந்து அதைப் பிடித்துக்கொண்டான். பூவராகர் தேரிலிருந்து இறங்கி, மண்ணில் மண்டியிட்டுக் குனிந்தார். அப்போதுதான் முதன்முதலாக ஒச்சன் முகத்தை எதிரே பார்த்தார்.

அன்றுமுதல் அந்தச் சீமையில் முதல் பரிவட்டம் முட்டுக்கட்டைக்குத்தான். எவ்வளவு பெரிய மனுஷராக இருந்தாலும் தெருவில் குனிந்துதான் கட்ட வேண்டும்.