பேர் வெட்டிய டம்ளர்

இது நான் நேரில் பார்த்ததல்ல. பொற்கொடியோடு வேலை பார்க்கும் ஒருத்தி என் தோழியிடம் சொல்லி, தோழி என்னிடம் சொன்னது. டம்ளர் பேசியதை யார் கேட்டார்கள் என்று விசாரித்தேன். "கதையைக் கேளுடி" என்றாள் தோழி.

ஜெர்மனியில் ஒரு சின்ன அடுக்களையில் ஓர் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. விருதுநகரிலிருந்து பொற்கொடியின் பெட்டியில் வந்தது. கூடவே ஒரு டிபன் டப்பாவும் வந்திருந்தது. முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன குட்டி ஓவன் ஒன்று அங்கேயே கிடந்தது. வேறு பெரிதாக ஒன்றும் இல்லை.

அந்த ஊர் ஆபீஸ்களில், பிறந்தநாள் யாருக்கோ அவர்தான் எல்லோருக்கும் கேக் கொண்டுபோக வேண்டும். பொற்கொடி வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மறுநாள் அவளுக்குப் பிறந்தநாள். "நானே செஞ்சு கொண்டுவரேன்" என்று ஆபீஸில் சொல்லியும் விட்டாள். அன்று ஞாயிற்றுக்கிழமை, கடையெல்லாம் அடைப்பு. வீட்டிலிருந்த மைதா ஒரு தடவைக்குத்தான் காணும்.

"ஒன்றரை கப் மைதா" என்றது போனில் ஓடிய வீடியோ. கப் ஏது? பொற்கொடி டம்ளரை எடுத்தாள்.

டம்ளர் பதறியது. "ஐயோ, நான் கப் இல்லையே!"

"பேசாம அளடா," என்றது டிபன் டப்பா. "நான் மட்டும் கேக் செய்யுற தட்டா? மேலெல்லாம் எண்ணெய் தடவிக்கிட்டு உக்காந்திருக்கேன், பாரு."

டம்ளர் பயந்துகொண்டே மைதாவை அளந்தது. தயிரையும் அளந்தது. அப்போது அழைப்புமணி அடித்தது. முதல்நாள் பொற்கொடி கேட்டு வைத்திருந்த அளவுக் கோப்பையை எதிர் வீட்டு ஹைக்கே கொடுத்துவிட்டுப் போனாள். கண்ணாடிக் கோப்பை, உடம்பெல்லாம் சிவப்புக் கோடு.

"ஒதுங்கு தம்பி," என்றது கோப்பை. "என் மேல் கோடு போட்டு, எண் போட்டு, ஒரு கப் எது என்று எழுதியிருக்கிறது. உன் மேல் என்ன?"

"ஒரு பேரு வெட்டியிருக்கு சார். தனபாக்கியம். பொற்கொடியோட அம்மா."

"எவ்வளவு பிடிப்பாய்?"

"தெரியாது சார். காபி ஊத்துவாங்க, குடிப்பாங்க. அளவு யாரும் கேட்டதில்ல."

கோப்பை சிரித்தது. டம்ளருக்கு உடம்பெல்லாம் கூசியது. பொற்கொடி கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு சர்க்கரைப் பையைப் பிரித்தாள். டம்ளர் மெல்ல சிங்க் பக்கம் நகர்ந்தது.

"எங்கடா கிளம்பிட்ட?" என்றது டப்பா.

"சரியான ஆள் வந்தாச்சுல்ல. என்னால அவ கேக் கெட வேணாம்."

"பாதியில நீ போனாத்தான்டா கெடும்! மாவு உன் கணக்கு, தயிர் உன் கணக்கு. சர்க்கரையும் எண்ணெயும் அவர் கணக்குல விழுந்தா கேக் எழும்புமா? பிசுபிசுன்னு எனக்குள்ள படுத்துக்கிடும். நாளைக்கு அந்தப் பிள்ளை வெறுங்கையோட போய் நிக்கணும்."

டம்ளர் நின்றது. கோப்பையை நிமிர்ந்து பார்த்தது.

"சார், நீங்க சரியான அளவுதான். நான் சரியான்னு எனக்குத் தெரியல. ஆனா ஆரம்பிச்சது நான்."

கோப்பை கொஞ்சம் யோசித்தது. "அதுவும் நியாயம்தான். ஒரே மாவுக்கு இரண்டு அளவு கூடாது. அதை அவளிடம் யார் சொல்வது?"

டம்ளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உருண்டது. சமையல் மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு டணடணவென்று ஓடி, நேராகச் சர்க்கரைப் பைக்குள் விழுந்தது.

பொற்கொடி திடுக்கிட்டு அதை வெளியே எடுத்தாள். வெட்டிய எழுத்துகளில் சர்க்கரை ஒட்டியிருந்தது. விரலால் துடைத்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அட, மாவும் இதுலதானே அளந்தேன்!"

கோப்பையை ஓரமாக வைத்துவிட்டு, சர்க்கரையையும் எண்ணெயையும் டம்ளராலேயே அளந்தாள்.

மறுநாள் சாயங்காலம் டிபன் டப்பா காலியாகத் திரும்பி வந்தது.

"நான் எத்தனை மில்லின்னு யாராவது கேட்டாங்களா?" என்றது டம்ளர்.

"இல்லடா. இன்னும் இருக்கான்னு கேட்டாங்க."

கதை இவ்வளவுதான். பிற்பாடு தோழியோடு விருதுநகர் போனபோது, தனபாக்கியம் அம்மா வீட்டில் அந்த டம்ளரின் ஜோடியில் தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்தேன். முக்கால் கப்தான் பிடித்தது. அப்படியானால் அன்று ஆபீஸுக்குப் போனது முக்கால் கேக்கா என்றும் கேட்டனுப்பினேன்.

இல்லையாம். கொஞ்சம் சின்னது, ஆனால் முழு கேக்.