மலையணிலும் வராத பார்சலும்

“அக்கா, பார்சல் வரவே இல்லை! மூணு நாளா வளை வாசல்லயே உட்கார்ந்திருக்கேன். குழந்தைங்க என் வாயையே பார்த்துட்டு இருக்குதுங்க. நம்பி வாங்கினதுக்கு இதுதான் பலனா?”

துடுப்புவால் கரிச்சான் குருவி முயலின் குரலிலேயே இதைச் சொல்லி முடித்தது. கடைசியில் வந்த விசும்பலைக்கூட விடவில்லை.

“நான் கொண்டுபோய் வச்சேன்!” என்று கத்தியது இருவாட்சி. “ஈச்சம்புதர் ஓரமா, வளை வாசல்லயே, இந்த அலகாலதான் வச்சேன். மூணு தடவை கூப்பிட்டேன். அப்புறம்தான் பறந்தேன்!”

“வச்சிருந்தா அது ஏன் அழுவுது?” என்றது மலையணில்.

“அதை அதுகிட்டயே கேளும்மா!”

“கேட்டுட்டுத்தானே இருக்கேன்! வரலைங்குதே!”

“இன்னொரு தடவை சொல்லட்டுமா?” என்று கரிச்சான் ஆசையாகக் கேட்டது.

“நீ வாயை மூடு!” என்றன இரண்டும்.

சண்டை எதற்கு என்று தெரிய வேண்டுமென்றால் அந்தக் காட்டின் நடைமுறை தெரிய வேண்டும். மலையணில் ஒரு பெரிய அத்திமரத்தின் உச்சியில் தனியாக இருந்தது. மலையணில்கள் அப்படித்தான். ஒரு மரத்துக்கு ஒன்று. பிறந்ததிலிருந்து அது தரையில் கால் வைத்ததே இல்லை. கீழே சிறுத்தை, பாம்பு, சேறு. எதற்கு வம்பு? கிளைவிட்டுக் கிளை தாவியே காலத்தை ஓட்டியது.

அதன் பல் பொல்லாத பல். காட்டில் யாராலும் உடைக்க முடியாத சாரக்கொட்டையை அது ஒரே கடியில் உடைத்துப் பருப்பை எடுத்துவிடும். அந்தப் பருப்புக்குக் கீழே உள்ளவர்கள் அலைந்தார்கள். அதனால் வியாபாரம் வந்தது. வேண்டியவர்கள் கரிச்சானிடம் சொல்வார்கள். கரிச்சான் சொன்னவர் குரலிலேயே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், மேலே வந்து ஒப்பிக்கும். அணில் பருப்பைத் தேக்கிலையில் மடித்து, கொடிநாரால் மூன்று சுற்று சுற்றி முடிச்சுப் போடும். இருவாட்சி அதைத் தூக்கிக்கொண்டு போகும். வரும்போது அவர்கள் கொடுக்கும் கிழங்கையோ காளானையோ கொண்டுவரும். கூலி, அத்திப்பழம். இருவாட்சியின் மனைவி மரப்பொந்துக்குள் அடைகாத்துக்கொண்டிருந்தாள். பொந்தின் வாயை மண்ணால் பூசி, அலகு நுழையும் அளவுக்கு மட்டும் ஓட்டை விட்டிருந்தார்கள். பழம் இந்த அணிலின் மரத்திலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு சட்டமும் இருந்தது. பார்சல் வாங்குகிறவர் ஈரமண்ணில் கால் வைத்து, அந்தக் காலை ஓர் இலையில் பதித்துக் கொடுக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததற்கு அதுதான் அத்தாட்சி. யானைக்கும் அதே சட்டம். யானைக்கு இலை போதாமல் நாலு இலையைச் சேர்த்துத் தைத்தார்கள் என்றால் பாருங்கள்!

முயலுக்கு மட்டும் அந்தச் சட்டம் இல்லை. ஏன் இல்லை?

மான், “பருப்பு அனுப்பு” என்று சொல்லும். அவ்வளவுதான். காட்டுப்பன்றி, “சீக்கிரம்!” என்று சொல்லும். அதற்கு மேல் அதற்கு மொழி கிடையாது. ஆனால் முயலிடமிருந்து முதல்முதலாக வந்த செய்தி இப்படி இருந்தது: “அக்கா, சாப்பிட்டீங்களா? மழையில நனையாம இருங்க. உங்களுக்கு முடிஞ்சப்போ கொஞ்சம் பருப்பு அனுப்புங்க, போதும்.”

அணில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. சாப்பிட்டாயா என்று அதை இதுவரை யாரும் கேட்டதில்லை.

“இன்னொரு தடவை சொல்லு,” என்றது கரிச்சானிடம்.

கரிச்சான் சொன்னது.

“இன்னும் ஒரு தடவை.”

அதற்கடுத்த செய்தி: “அக்கா, ஈரமண்ணுல கால் வச்சா எனக்கு உடனே ஜலதோஷம் பிடிக்கும்க்கா.”

“பாவம்! அதுகிட்டக் கால்தடம் கேட்காதீங்க அண்ணே,” என்று அணில் இருவாட்சியிடம் சொல்லிவிட்டது.

“யானைக்கே பிடிக்காத ஜலதோஷம் முயலுக்குப் பிடிக்குதா?” என்றது இருவாட்சி.

“உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்!”

இருவாட்சி தினமும் வரும். அது வந்தாலே இறக்கைச் சத்தம் துருத்தி ஊதுவதுபோல இருக்கும். கிளையில் உட்கார்ந்து மனைவியைப் பற்றிப் புலம்பும். பழம் புளிக்கிறது என்று மனைவி துப்பிவிட்டாளாம். ஓட்டை வழியாக மூக்கை நீட்டித் திட்டினாளாம். அணில் ‘உம், உம்’ என்று சொல்லிக்கொண்டே முடிச்சுப் போடும். அதை நட்பு என்று அணில் நினைத்ததே இல்லை. தினமும் வந்து உட்காருகிறவரை யார் கணக்கில் எடுக்கிறார்கள்?

முயல் கொடுத்தது ஒரே ஒரு கட்டு கோரைக்கிழங்கு. அதற்கான பார்சல் ‘வரவே இல்லை’. மறுபடி அனுப்பினார்கள். அதுவும் வரவில்லை. மூன்றாவதும் அப்படியே. இப்போது நான்காவது. அணிலின் பொந்தில் இருந்த பருப்பெல்லாம் தீர்ந்துபோயிற்று.

அதனால் அணில் பாதி மரம் இறங்கி உடும்பிடம் போயிற்று. உடும்புதான் அந்தக் காட்டின் இன்ஷூரன்ஸ். ஒவ்வொரு பார்சலிலும் ஒரு பிடி பருப்பை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும். பார்சல் தொலைந்தால் அதே அளவு திருப்பித் தரும். தருவதாகச் சொல்லியிருந்தது.

வெயிலில் படுத்திருந்த உடும்பு ஒரு கண்ணை மட்டும் திறந்தது.

“கால்தடம் பதிச்ச இலை எங்கே?”

“இல்லை சார்.”

“அப்போ போய்ச் சேர்ந்ததுக்கு அத்தாட்சி இல்லை. சரி. போய்ச் சேரலைங்கிறதுக்கு என்ன அத்தாட்சி?”

“முயல் அழுதுது சார்.”

“அழுகைக்கெல்லாம் இன்ஷூரன்ஸ் கிடையாது.”

“அப்போ எதுக்குத்தான் சார் இருக்கு?”

“மூணே மூணு. மழை, காத்து, கொண்டுபோனவர் தப்பு. அன்னைக்கு மழை பெஞ்சுதா?”

“இல்லை சார். நல்ல வெயில்.”

“காத்து?”

“இலைகூட அசையலை.”

“அப்போ மிச்சம் ஒண்ணுதான்.”

“ஒருவேளை... வாங்கினவங்க பொய் சொல்லியிருந்தா?”

“அது ஏமாத்து. ஏமாந்தது நீ. அதுக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?” உடும்பு அந்த ஒரு கண்ணையும் மூடிக்கொண்டது. “‘இருவாட்சி தொலைச்சுது’ன்னு சொல்லி, உன் வால் முடி ஒண்ணைப் பிடுங்கி இந்தப் பிசின்ல ஒட்டு. இன்னைக்கே பருப்பை எடுத்துட்டுப் போ. இல்லைன்னா வெயிலை மறைக்காதே!”

அணில் யோசித்தது. முயல் பொய் சொல்கிறது, இல்லையென்றால் இருவாட்சி பொய் சொல்கிறது. இரண்டில் ஒன்றுதான். ஒன்று ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்ட குரல். இன்னொன்று எப்போது பார்த்தாலும் புளிக்கிற பழத்தைப் பற்றியே பேசுகிற குரல்.

அணில் வால் முடியைப் பிடுங்கி ஒட்டியது. “இருவாட்சி தொலைச்சுது,” என்றது. மெதுவாகத்தான் சொன்னது.

மெதுவாகச் சொன்னால் என்ன? பிசினில் ஒட்டியதைக் காட்டுக்கு அறிவிப்பது கரிச்சானின் வேலை. அது மரம் மரமாகப் போய், மலையணிலின் குரலிலேயே, அந்தத் தயக்கத்தோடேயே, “இருவாட்சி தொலைச்சுது” என்று சொன்னது. ஓடையில் சொன்னது. மூங்கில் காட்டில் சொன்னது. மண் பூசிய பொந்துக்கு எதிரிலும் சொன்னது.

மறுநாள் காலையில் இருவாட்சி வந்தது. கிளையில் உட்காரவில்லை. நின்றது.

“அவ கேட்டுட்டா,” என்றது. “உள்ளே அடைஞ்சு கிடக்கிறவ. ஓட்டை வழியா மூக்கை நீட்டி, ‘நிஜமாவா?’ன்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டா. வழக்கமா திட்டுவா. திட்டலை.”

அணில் ஒரு கொடிநாரை எடுத்து வெறுமனே முடிச்சுப் போட்டது.

“இன்ஷூரன்ஸ் கிடைச்சுதா?”

“கிடைச்சுது அண்ணே.”

“நல்லது.”

துருத்திச் சத்தம் மலைமுகடு வரைக்கும் கேட்டது. அதற்கு அப்பால் கேட்கவில்லை. தொலைக்கிறவன் என்று பெயர் வாங்கியவனிடம் யார் பார்சல் கொடுப்பார்கள்? இருவாட்சி மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அத்திமரங்களைத் தேடிக்கொண்டது.

அணில் காக்கையைக் கூப்பிட்டது. “உன்கிட்ட வேலை பார்த்தா நாளைக்கு என் பேரையும் ஒட்டுவே!” என்றது காக்கை. மரங்கொத்தியைக் கூப்பிட்டது. “எனக்குத் தலைக்கு மேல வேலை!” என்றது மரங்கொத்தி. கொண்டுபோக ஆள் இல்லை என்றதும் மான் கேட்பதை நிறுத்தியது. பன்றியும் நிறுத்தியது. செய்தி இல்லாத இடத்தில் கரிச்சானுக்கு என்ன வேலை? அதுவும் எப்போதாவதுதான் வந்தது.

உச்சிக்கிளையில் காற்று மட்டும் இருந்தது. ‘உம், உம்’ என்று சொல்லக்கூட எதிரே யாரும் இல்லை. பழுத்த அத்திப்பழங்கள் தாமாகவே கீழே விழுந்துகொண்டிருந்தன.

ஒருநாள் கரிச்சான் வந்தது. “அக்கா, இன்னும் வரலையே! எங்களை மறந்துட்டீங்களா?”

முயல்! அணிலுக்கு உயிர் வந்தது. உடும்பு கொடுத்த பருப்பை மடித்தது. மூன்று சுற்று சுற்றியது. பிறகு ஒரு முடிவுக்கு வந்தது. “நானே போறேன். தங்கச்சியை ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்.”

பட்டப்பகலில் அது மரத்திலிருந்து இறங்கியது. உடும்பைத் தாண்டியது. அடிமரத்தில் சிறிது நேரம் தொங்கிக்கொண்டே இருந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு தரையில் காலை வைத்தது. தரை ஆடவில்லை. கிளை ஆடும், தரை ஆடாது என்பது அதற்கு அன்றுதான் தெரிந்தது. பார்சலைக் கவ்விக்கொண்டு, ஒவ்வொரு சருகுச் சத்தத்துக்கும் நடுங்கிக்கொண்டு, ஈச்சம்புதரைத் தேடிப் போயிற்று.

வளைக்குள் எட்டிப் பார்த்தது.

உள்ளே தேக்கிலை விரித்திருந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக, நல்ல மெத்தைபோல. மூலையில் கொடிநார் குவிந்து கிடந்தது. ஒவ்வொரு நாரிலும் மூன்று சுற்று முடிச்சு. மெத்தைமேல் முயல் மல்லாந்து படுத்துக்கொண்டு எதையோ மென்றுகொண்டிருந்தது.

“யாரு நீ?”

“நான்தான்... அக்கா.”

“எந்த அக்கா?”

“சாரப்பருப்பு.”

“ஓ, அந்த மரத்து மேல இருக்கிறதா! அங்கேயே வச்சுட்டுப் போ.”

“குழந்தைங்க எங்கே?”

“எந்தக் குழந்தைங்க?”

அணில் பார்சலைக் கீழே வைக்காமல் நின்றது. “நாலு பார்சலும் வந்திருக்கு! வரலைன்னு ஏன் சொன்னே?”

“சொன்னேன். நீ ஏன் அனுப்பினே?” முயல் புரண்டு படுத்தது. “நான் என்ன உன் கையை முறுக்கியா வாங்கினேன்? ஊர்ல எல்லார்கிட்டயும் கால்தடம் கேட்டே. என்கிட்ட மட்டும் ஏன் கேட்கலை?”

“நீ என்னை ‘சாப்பிட்டீங்களா’ன்னு கேட்டே.”

முயலுக்கு அது விளங்கவில்லை. காதைச் சொறிந்தது. “கேட்டிருப்பேன். எல்லார்கிட்டயும்தான் கேட்பேன். அப்படித்தானே பேச்சை ஆரம்பிக்கணும்? அந்தப் பார்சலை வைக்கப் போறியா இல்லையா?”

அணில் வைக்கவில்லை. அதையாவது செய்ததே! பார்சலைக் கவ்விக்கொண்டு வந்த வழியே திரும்பியது. மரத்தில் பாதி ஏறி, உடும்பின் முன்னால் அதை வைத்தது.

“பருப்பை எடுத்துக்கோங்க சார். என் வால் முடியைத் திருப்பிக் கொடுங்க.”

“பிசின் காஞ்சு எத்தனை நாளாச்சு!” என்றது உடும்பு. “ஒட்டினது ஒட்டினதுதான்.” பருப்பை மட்டும் எடுத்துக்கொண்டது.

அணில் உச்சிக்குப் போய்க் கரிச்சானைக் கூப்பிட்டது. “மலைக்கு அந்தப் பக்கம் போய் இருவாட்சி அண்ணன்கிட்ட ஒரு செய்தி சொல்லணும்.”

“அந்தப் பக்கம் என் எல்லை இல்லை. அங்கே வேற கரிச்சான். எனக்கும் அதுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது,” என்று சொல்லிவிட்டு அது பறந்துபோயிற்று.

அதனால் மலையணில் ஒவ்வொரு நாள் காலையிலும் உச்சிக்கிளையின் நுனிக்குப் போய், முகட்டைப் பார்த்துத் தன் சொந்தக் குரலில் கூப்பிட ஆரம்பித்தது. அதன் குரல் சின்னக் குரல். மூங்கில் காடு வரைக்கும்கூடப் போகாது.

தினமும் வந்து எதிரில் நிற்கிறவரைச் சந்தேகித்து, முகமே காட்டாமல் இனிக்க இனிக்கப் பேசுகிறவரை நம்பினால், பொருள் போவது பெரிதல்ல, கூப்பிட்டால் வர ஆள் இல்லாமல் போவதுதான் பெரிது. இன்றைக்குக் காலையிலும் அணில் கூப்பிட்டது:

“அண்ணே! பார்சல் எதுவும் இல்லை. சும்மா ஒரு தடவை வந்து உட்கார்ந்துட்டுப் போங்க!”