வளைகாப்புக்குப் புறப்பட்ட ராஜா

முன்னொரு காலத்திலே, மணலாறு பாயும் வெண்குன்ற நாட்டை விசயாதரன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் காலையில் ஒரு நினைப்பு, மாலையில் ஒரு நினைப்பு. கடைசியாகக் காதில் ஓதியவர் பக்கம் சாய்ந்துவிடுவான். பெரும்பாலும் ஓதியவன் அரண்மனை அதிகாரி அளகேசன். மந்திரி திருவுடையாரைக் கண்டாலே அளகேசனுக்கு வயிறு எரியும்.

ஒரு கோடையில் ராஜாவுக்குப் புழுக்கம் தாங்கவில்லை. ஊர்ப் படகுத்துறையில்தான் நல்ல காற்று, அங்கே ஒரு மண்டபம் கட்டினால் சுகமாகச் சாய்ந்திருக்கலாம் என்றான் அளகேசன். மண்டபம் எழுந்தது. ராஜா இளைப்பாறும் இடத்தில் கூச்சல் ஆகாது என்று துறையை மூடினார்கள். இனி அங்கே படகு இறங்கினால், அது யாருடையதானாலும் உடைத்துப்போட வேண்டும் என்று ராஜா முத்திரை வைத்து உத்தரவு போட்டான். எதிர்க்கரைக்குப் போகிறவர்கள் வடக்கு வாசல் வழியாக இரண்டு நாள் நடந்து, பாலம் சுற்றிப் போகவேண்டியதாயிற்று.

ஊர் இரண்டாகப் பிளந்தது. வடக்கு வாசல் கடைக்காரர்கள், ராஜா செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்றார்கள். கூட்டம் இப்போது அவர்கள் கடையில் அல்லவா நின்று போகிறது! துறைத்தெருக்காரர்கள் அவர்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமனும் மச்சானும் இதற்காகச் சண்டை போட்டு, வேறு வேறு கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள். ஆனால் பொழுது சாய்ந்தால் இரண்டு கட்சியும் கரைக்கு வந்து நிற்கும். எல்லாருக்கும் எதிர்க்கரையில் யாரோ ஒருவர் இருந்தார்.

வெற்றிலை விற்கும் காத்தாயிக்கு அங்கே ஒரே மகள் இருந்தாள், செம்பாயி. தலைப்பிரசவம். ஏழாம் மாசமே வளையல் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்திருக்க வேண்டும். ஒன்பதும் பிறந்துவிட்டது. முட்டுவலிக்காரி காத்தாயியால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. நிறைசூலியை அவ்வளவு தூரம் வண்டியில் ஏற்றவும் முடியாது. சாயங்காலமானால் மகள் எதிர்க்கரையில் ஒரு சிவப்புப் புள்ளியாக வந்து நிற்பாள். தாய் முந்தானையை எடுத்து வீசுவாள். இருட்டும்வரை அவ்வளவுதான்.

மந்திரி இதையெல்லாம் சபையில் சொன்னார். ஜனங்கள் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்கள், மந்திரிதான் தூண்டிவிடுகிறார் என்றான் அளகேசன். ராஜாவுக்கு விளையாட்டுப் புத்தி வந்தது.

"நாளை சாயங்காலம் மண்டபத்தில் சபை. ஊரிலிருந்து ஒருவரை அழைத்து வாரும். அவர் அழக்கூடாது, குறை சொல்லக்கூடாது, துறையைத் திற என்று கேட்கவும் கூடாது. அப்படியும் நான் துறையைத் திறந்தால் நீர் ஜெயித்தீர். இல்லையென்றால் மந்திரி முத்திரையை அளகேசனிடம் கொடுத்துவிடும்."

மந்திரி காத்தாயியிடம் போய் நிபந்தனையைச் சொன்னார். அவள் கொஞ்ச நேரம் வெற்றிலையை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

"புகழலாமா சாமி?" என்று கேட்டாள்.

தாராளமாகப் புகழலாம் என்றார் மந்திரி.

மறுநாள் காத்தாயி ஒரு மூங்கில் சுளகில் வளையலும், தூக்கில் புளிச்சோறும், கிண்ணத்தில் எண்ணெயுமாக வந்து நின்றாள்.

"குடிகளுக்கெல்லாம் மகாராசாதான் தாய்னு கட்டியக்காரர் தினம் கூவுறாரே, அது மெய்தானே சாமி?"

"அதில் என்ன சந்தேகம்?" என்றான் ராஜா.

"அப்போ எம் பாரம் தீர்ந்துச்சு. பெத்தவ வேலையை நீங்களே பாருங்க. எம் மகளுக்கு வளையல் போட்டு, சோறு ஊட்டி, கையோட கூட்டிட்டு வந்திருங்க. வலி எடுத்தா கையைப் பிடிச்சுக்கணும். அவ பயந்தவ."

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தான். தாய் என்ற பட்டம் அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஆகட்டும், நானே போகிறேன், உன் மகள் எங்கே என்றான். காத்தாயி கையை நீட்டினாள்.

எதிர்க்கரையில் சிவப்புப் புள்ளி நின்றது. நிற்க முடியாமல் உட்கார்ந்தது. மறுபடி எழுந்து, கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தது. ராஜா பார்த்துக்கொண்டே இருந்தான். சிரிப்பு எப்போது நின்றது என்று அவனுக்கே தெரியவில்லை.

"படகைக் கொண்டு வா."

யாரும் அசையவில்லை. பல்லக்கில் பாலம் சுற்றிப் போனால் இரண்டே நாள் என்று இழுத்தான் அளகேசன்.

"கண்ணெதிரே நிற்கிறாள். இரண்டு நாளா? படகை இறக்கு."

மந்திரி உத்தரவு ஓலையைப் பிரித்து வாசித்தார். படகு யாருடையதானாலும் உடைக்கப்படும் என்று அதில் இருந்தது.

"கிழித்துப் போடும் அதை. துறையைத் திற."

"மகாராஜா, திற என்று இந்த அம்மாள் கேட்கவில்லை," என்றார் மந்திரி மெதுவாக.

ராஜாவுக்கு அப்போதுதான் விளங்கிற்று. இது வஞ்சகம் என்று அளகேசன் வாயெடுத்தான்.

"ஜனங்கள் மகிழ்ச்சி என்றீரே, ஒரு நாளாவது இந்தக் கரையில் வந்து நின்று பார்த்தீரா?" என்று கேட்டான் ராஜா. அளகேசன் தலை குனிந்தான். அடுத்த கோடை வரை துறையில் நின்று, படகில் ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் அவன் கைகொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மந்திரி முத்திரை மந்திரியிடமே இருந்தது.

முதல் படகில் ராஜாவும் காத்தாயியும் போனார்கள். வளையல் சுளகு ராஜாவின் மடியில் இருந்தது. நடு ஆற்றில், தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினான். உன் அறிவுக்கு இது போதாது, வேறு என்ன வேண்டுமானாலும் கேள் என்றான்.

காத்தாயி கரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சிவப்புப் புள்ளிக்கு இப்போது முகம் வந்திருந்தது.

"வயித்துப் பிள்ளை முதமுதலா அசைஞ்ச அன்னிக்கு, சொல்லிச் சிரிக்க அவ பக்கத்துல நான் இல்லை சாமி. அந்த ஒரு நாளைத் தர முடியுமா?"

ராஜா சுளகை எடுத்துத் தாயின் கையிலேயே கொடுத்துவிட்டு, படகின் மறுமுனையில் போய் உட்கார்ந்துகொண்டான்.