பீங்கான் பெட்டியும் தளவாயின் ஆணைகளும்

கோமளகிரியைச் சுந்தரகேசரி மன்னர் ஆண்ட காலத்தில் அந்த நாட்டில் மழை பொய்த்ததுண்டு, நெல் குறைந்ததுண்டு. ஆணைகளுக்கு மட்டும் ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. அவற்றை எழுதியவர் சாலைக் காவல் தளவாய் தாண்டவராயர். அவற்றை அவையில் உரக்கப் படிக்கும் துன்பம் குழல்வாய்மொழிக்கு. அரண்மனையில் ஓலை வாசிப்பவள் அவள். நிறையக் கற்றவள், நாவை அடக்க மட்டும் கற்காதவள். சரக்கைக் கட்டும் முறை, ஏற்றும் முறை, இறக்கும் முறை, இறக்கியபின் பணிவாக நிற்கும் முறை என்று தளவாய் எழுதியவை நானூற்றுக்கும் மேல். பன்னிரண்டு ஆண்டுகள் அவற்றைப் படித்ததில் அவள் ஒன்றை மட்டும் ஐயமறத் தெரிந்துகொண்டாள்: தளவாய் ஒருமுறைகூடச் சுமைவண்டியில் ஏறியதில்லை.

அந்த ஆண்டு அண்டை நாட்டரசர் விருந்துக்கு வருவதாக இருந்தது. அவருக்குச் சீனப் பீங்கானில் பரிமாற வேண்டுமென்று மன்னருக்கு ஆசை. துறைமுகத்திலிருந்து நாற்பது கிண்ணங்கள் புறப்பட்டன. வழியில் ஏழு சாவடிகள். தலைநகரில் பெட்டியைத் திறந்தால் உள்ளே வெறும் சில்லுகள். தளவாய் சாவடிதோறும் காவலை இரட்டிப்பாக்கினார். இரண்டாம் முறை வந்த சில்லுகள் முன்னதைவிடச் சிறியவை.

வண்டிக்காரன் பேச்சிமுத்து வேண்டுமென்றே குழியில் வண்டியை இறக்குகிறான் என்றார் தளவாய். அவனை அவைக்கு இழுத்து வந்தார்கள். மன்னர் தீர்ப்பைச் சுருக்கமாகச் சொன்னார். மூன்றாம் முறை ஒரே ஒரு கிண்ணம் உடைந்தாலும் அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு நாட்டை விட்டுப் போக வேண்டும். பேச்சிமுத்துவுக்குக் கும்பிட்ட கை இறங்கவில்லை.

"பெட்டி கட்டும் பொறுப்பை எனக்குத் தாருங்கள், அரசே," என்றாள் குழல்வாய்மொழி.

தளவாய் ஏளனமாகப் பார்த்தார். "ஓலை படிப்பவளுக்குப் பெட்டி கட்டத் தெரியுமோ?"

"தாங்கள் எழுதியதை இத்தனை காலம் பொறுமையாகப் படித்திருக்கிறேன், தளவாயே. அதைவிடவா கடினம்?"

மன்னர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். தளவாய் சிரிக்கவில்லை. "அப்படியானால் ஒரு நிபந்தனை. என் ஆணைகளில் ஒன்றுகூட விடுபடக் கூடாது."

"விடுபடாது," என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, வழி தெரியவில்லை. கிடங்குக்குப் போய் இரண்டாம் பெட்டியைக் கிளறிப் பார்த்தாள். சில்லு நிறைய இருந்தது. வைக்கோல் ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை. பேச்சிமுத்துவை அழைத்து விசாரித்தாள்.

"ஏழு கட்டு வச்சு அடைச்சேன் தாயி. சாவடிக்குச் சாவடி பெட்டியத் தொறந்து கிண்ணத்த எண்ணணும்னு தளவாய் ஆணை. எண்ணுறதுக்கு வைக்கோல வெளிய அள்ளிப் போடுவாக. எண்ணி முடிக்கங்குள்ள பாதிய அவுக மாடு தின்னுரும்."

"நீ கேட்கவில்லையா?"

"கேட்டேன் தாயி. ஆணையில கிண்ணத்தத்தான் எண்ணச் சொல்லியிருக்கு, வைக்கோல எண்ணச் சொல்லலன்னுட்டாக."

காவலை இரட்டித்தபோது காவலரின் மாடுகளும் இரட்டித்தன. சில்லுகள் ஏன் சிறுத்தன என்பது அவளுக்கு விளங்கிவிட்டது.

உமி அடைக்கலாமா என்று கேட்டான் பேச்சிமுத்து. சாவடி அடுப்புக்குப் போய்விடும் என்றாள். பஞ்சு என்றால் தலையணையாகும், தேங்காய் நார் என்றால் கயிறாகும். ஒருவருக்கும் ஒன்றுக்கும் உதவாத பொருளாக இருக்க வேண்டும். அதே சமயம் அதைத் தூக்கியெறிய எல்லோரும் அஞ்சவும் வேண்டும். இப்படிச் சொல்லிக்கொண்டே நடந்தவள் தன் ஓலை அறையின் வாசலில் நின்றுவிட்டாள்.

பத்து நாள் கழித்து வண்டி வந்தது. நிறைந்த அவையில் பெட்டியைத் திறந்தார்கள். நாற்பது கிண்ணங்களும் முழுசாக இருந்தன. வேறு யாரும் வாயைத் திறக்குமுன் தளவாய் முன்னால் வந்து, சரக்கைக் காத்தவை தம் ஆணைகளே என்றும், அதை ஓலைக்காரியே ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் முழங்கினார்.

"முழு உண்மை, அரசே. அவருடைய ஆணைகள்தாம் காத்தன. ஒன்றுகூட விடுபடவில்லை," என்றாள் குழல்வாய்மொழி. பெட்டிக்குள் கைவிட்டு, முறுக்கியும் மடக்கியும் அடைத்திருந்த ஓலைகளை ஒரு கொத்தாக அள்ளி எடுத்தாள். "மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசியவை, மாடு தொடாது. அரச முத்திரை இருப்பதால் அடுப்பில் வைக்கவும் துணிய மாட்டார்கள். ஒன்று விடாமல் பொறுக்கித் திரும்ப அடைத்தே தீர வேண்டும். ஆசைப்பட்டு எடுத்துப் போய்ப் படிப்பவரும் நாட்டில் இல்லை."

மன்னர் ஒரு கையில் கிண்ணத்தையும் மறு கையில் ஓலையையும் எடுத்தார். ஓலையில் இருந்தது இறக்கியபின் பணிவாக நிற்கும் முறை. உதட்டைக் கடித்துக்கொண்டு, மெய்யாகவே எந்த மாடும் இதைத் தின்னவில்லையா என்று பேச்சிமுத்துவிடம் கேட்டார்.

"மூணாஞ்சாவடியில ஒரு கெழட்டு எருது ஒண்ண இழுத்துச்சு மகாராசா. ரெண்டு வரி மென்னுச்சு. துப்பிட்டு என்னயத்தான் மொறச்சுப் பாத்துச்சு."

மன்னர் குலுங்கிச் சிரித்தார். கிண்ணம் கைநழுவித் தரையில் விழுந்து நொறுங்கியது.

தளவாய்க்கு மட்டும் முகம் மலர்ந்தது. "ஒன்று உடைந்துவிட்டது, அரசே. தீர்ப்பின்படி இவன் குடும்பத்தோடு வெளியேற வேண்டும்."

மன்னர் தம் வெறுங்கையைப் பார்த்தார். பிறகு குழல்வாய்மொழியைப் பார்த்தார்.

"பிழை இவனுடையதும் அன்று, தங்களுடையதும் அன்று," என்றாள் அவள். "பீங்கானைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கக் கூடாதென்று நானூறு ஆணைகளில் ஒன்றுகூட இல்லை. படித்தவள் சொல்கிறேன். குறை தளவாயுடையது, உடனே எழுதட்டும், விரிவாகவே எழுதட்டும். உடைந்ததற்குப் பதில் ஒரு கிண்ணம் வர வேண்டும்; அதைச் சுற்றியடைக்க ஓலை வேண்டுமே."

மன்னர் மீதி முப்பத்தொன்பதையும் எட்டத் தள்ளி வைக்கச் சொன்னார். பிறகுதான் வாய்விட்டுச் சிரித்தார். பேச்சிமுத்துவுக்கு ஒரு சோடிக் காளை கிடைத்தது. குழல்வாய்மொழிக்குக் கிடைத்த பரிசு அதைவிடப் பெரிது.

"இனித் தளவாயின் ஆணைகள் அவைக்கு வர வேண்டாம்," என்றார் மன்னர். "நேரே துறைமுகத்துக்குப் போகட்டும்."