சொகுசு வண்டிக்கு வைத்த பொட்டு

காங்கேயத்துக் கொப்பரை வியாபாரி சென்னியப்பன் பழசாக வாங்கிய வெளிநாட்டுச் சொகுசு வண்டி, ரோட்டில் ஓடியதைவிட ஒர்க்‌ஷாப்பில் படுத்துக் கிடந்ததே அதிகம். ரிப்பேருக்கே ஒரு தென்னந்தோப்பு போய்விட்டது. கடைசியில் வண்டியை வாங்க ஒருவர் வருவதாகச் சொன்னார்.

"எஞ்சின் கோளாறுன்னு மஞ்சள் லைட்டு எரியுதே, அது அவர் கண்ணுல படக்கூடாது. பட்டா உனக்கு வேலை இல்லை" என்று டிரைவர் நாச்சிமுத்துவிடம் உறுமினார் சென்னியப்பன்.

மெக்கானிக்குகளே அணைக்க முடியாத விளக்கு அது. நாச்சிமுத்து சந்தனம் குழைத்து, விளக்கை மூடியிருக்கும் மீட்டர் கண்ணாடியில் பெரிய பொட்டாக வைத்தான். விளக்கு மறைந்துவிட்டது.

"கில்லாடிடா! எங்கடா கத்துக்கிட்ட?"

"இந்த வண்டிகிட்டத்தானுங்க. நீங்க வாங்கிட்டு வந்தப்பவே இதே எடத்துல பொட்டு இருந்துச்சு. தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டீங்க."

சென்னியப்பனின் சிரிப்பு நின்றது. "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடா."

"மறுநாள் பொட்டைத் தொடைக்கறப்பத்தானுங்க அடியில லைட்டு எரியறதைப் பார்த்தேன். சொல்ல ஓடியாந்தா, ஊரைக் கூட்டிக் கெடா வெட்டிட்டு இருந்தீங்க."

வாங்க வந்தவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பொட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, தொட்டுக் கும்பிட விரலை நீட்டினார். சென்னியப்பன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாமுங்க. நானும் இப்படித் தொட்டுக் கும்பிட்டவன்தான்."